இசை பொய் சொல்லுமா?

பாட்டியின் இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி மீட்க முயற்சி செய்யவா, வேண்டாமா என்று அந்த இளம் மருத்துவர் கேட்டபோது இரவு பதினொன்றரை மணி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனை. வார்டு வாசலில் அப்பா, பெரியப்பா, அத்தை, நான். பாட்டிக்கு வயது 84. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மருத்துவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகத்தான் பேசினார். அழுத்தினால் விலா எலும்பு உடையலாம், தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்க வேண்டி வரும், அதற்குப் பிறகும் இவர் வீட்டுக்குத் திரும்புவது மிக அரிது என்றார்.

அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்னாடா கேக்குறாரு இவரு? அழுத்துனா எந்திரிச்சிருவாங்கல்ல? அப்புறம் எதுக்கு வேணுமா வேணாமான்னு ஒரு கேள்வி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிமிடம் வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மின்னணுவியல் படித்துப் பட்டம் வாங்கியவன், ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பதையே வேலையாகச் செய்கிறவன். ஆனாலும் இதயம் நிற்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தைக்குத் தெரிந்த அதே இடத்திலிருந்துதான் வந்திருந்தது. பி.ஜே. ஓல்டு டவுன் வீட்டு வரவேற்பறையில், பாட்டியின் நாற்காலிக்கு எதிரே இருந்த டிவியிலிருந்து.

அந்தக் காட்சி உங்களுக்கும் தெரியும். மருத்துவமனைக் கட்டில், பக்கத்தில் திரை, திரையில் அலை. அலை திடீரென்று நேர்கோடாகிறது, நீண்ட ஒரே ஒலி. மருத்துவர் இரண்டு தட்டுகளை எடுத்து நெஞ்சில் வைக்கிறார், உடல் துள்ளுகிறது. வெட்டினால் கோயில். கதாநாயகி அம்மன் முன்னால் கதறுகிறார். மேளம் ஏறுகிறது, மணிகள் ஆடுகின்றன. மறுபடி கட்டில், மறுபடி கோயில். இசை இனிமேல் ஏற முடியாது என்கிற உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிற்கிறது. ஒரு நொடி அமைதி. பிறகு ஒரு 'பீப்'. பாட்டி கைகூப்புவார். ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டிய கை அது.

இதில் உள்ள தகவல் பிழைகளை இப்போது என்னால் பட்டியல் போட முடியும். நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது அந்தக் குழப்பத்தை நிறுத்தத்தான் அது. ஓடவே இல்லாத மோட்டாரின் அதிர்வைச் சரிசெய்ய முடியாது இல்லையா, அதுபோல. அழுத்தும் முறையும் தப்பு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி அழுத்த வேண்டும். நடிகர்கள் முழங்கையை மடக்கி மெதுவாகத் தட்டிக்கொடுப்பார்கள். ஹவுஸ்மேனாக இருக்கும் என் நண்பனிடம் இதைச் சொன்னேன். "உயிரோட இருக்கற நடிகரோட நெஞ்ச நெஜமாவே அமுக்கச் சொல்றியா? அவருக்கு எலும்பு ஒடஞ்சிரும்டா" என்றான். நியாயம்தான். எல்லாப் பிழைக்கும் சோம்பேறித்தனம் காரணம் இல்லை.

ஆனால் அன்றிரவு அத்தையை ஏமாற்றியது இந்தப் பிழைகள் எதுவும் இல்லை. நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கலாமா கூடாதா என்பது அத்தைக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் நம்பியது வேறு ஒன்றை: போராடினால் பதில் வரும். அதை அவருக்கு எந்த வசனமும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தது இசை.

இசைக்கு உண்மை பொய் கிடையாது என்று ஒரு வாதம் உண்டு. "இந்த மருந்து இந்த நோயைக் குணப்படுத்தும்" என்பது ஒரு கூற்று, அதைச் சரிபார்க்கலாம். ஒரு வயலின் இழுப்பு எதையும் கூறுவதில்லை, அப்புறம் எப்படிப் பொய் சொல்லும்? நானும் வெகுநாள் இப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டால் இது சரிதான். ஆயிரம் காட்சிகளில், ஏறும் இசைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த 'பீப்' வருமானால், ஏறும் இசையே ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு விளக்கு எரியும்போதெல்லாம் கதவு திறந்தால், நாலாவது நாள் விளக்கைப் பார்த்ததுமே தொழிலாளி காலை எடுத்து வைப்பார். விளக்கு வாய் திறந்து எதையும் சொல்லவில்லைதான்.

இந்த வாக்குறுதியை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் 97 எபிசோடுகளைப் பார்த்தார்கள். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முயற்சி 60 முறை வந்தது. அதில் 75 சதவீதம் பேர் உடனே பிழைத்தார்கள். 67 சதவீதம் பேர் வீடு திரும்புவதாகத் தெரிந்தது. உண்மையில் மருத்துவமனைக்குள்ளேயே, எல்லாக் கருவிகளும் பக்கத்தில் இருக்கும்போதே இதயம் நின்றவர்களிலும் பெரும்பாலானோர் வீடு திரும்புவதில்லை. வயதும் நோயும் கூடக் கூட அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கும். இந்தக் காட்சிகளை நம்பி நோயாளிகளும் குடும்பங்களும் முடிவெடுப்பார்களே என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் கவலை. அவர்கள் எங்கள் அத்தையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்படியானால் நாடகங்கள் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி இருக்க வேண்டுமா? இல்லை. பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது 'ஸ்க்ரப்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் ஒரு எபிசோடு பார்த்தேன். 'மை லஞ்ச்', 2006 ஏப்ரலில் ஒளிபரப்பானது. போதைமருந்தால் இறந்ததாக நினைத்த ஒரு பெண்ணின் உறுப்புகளை மூன்று நோயாளிகளுக்குப் பொருத்துகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இருந்ததோ ரேபீஸ், வெறிநாய்க்கடி நோய். மூன்று பேரும் இறக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வேறு சிறுநீரகத்துக்காகக் காத்திருந்திருக்கலாம் என்பதைத்தான் மூத்த மருத்துவரால் தாங்க முடியவில்லை. பின்னணியில் 'தி ஃப்ரே' குழுவின் 'ஹவ் டு சேவ் அ லைஃப்' ஓடுகிறது.

இதற்கு அடியில் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 2004இல் டெக்சாஸில், ரேபீஸ் இருப்பது தெரியாமல் ஒரே கொடையாளரின் உடலிலிருந்து எடுத்துப் பொருத்தியதால் நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் நோயில் விழுந்தது அறுவைசிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்து. காரணம் தெரிந்தது அதற்கும் பிறகு. தொடர் அந்த வாரங்களையெல்லாம் ஒரு பாட்டின் நீளத்துக்குள் அடக்கிவிட்டது, ஆளையும் ஒன்று குறைத்துவிட்டது. தகவலாகப் பார்த்தால் பிழைதான். ஆனால் அந்தப் பாட்டு யாரையும் எழுப்பவில்லை. மருத்துவர்கள் அழுத்துகிறார்கள், பாட்டு ஓடுகிறது, நோயாளிகள் இறக்கிறார்கள், பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. விடுதி அறையில் ஏழு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் மாமாக் கடைக்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

தமிழிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2008 செப்டம்பரில் சென்னையில், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி, அவனுடைய இதயத்தை 11 நிமிடங்களில் நகரின் இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஒரு சிறுமிக்குப் பொருத்தினார்கள். இந்தச் சம்பவத்தின் தூண்டுதலில் மலையாளத்தில் 'டிராஃபிக்' வந்தது, அதுவே 2013இல் தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' ஆனது. படத்தில் இதயம் வேறொரு ஊருக்கு நெடுஞ்சாலையில் பறக்கிறது. பின்னணி இசையும் வண்டியோடு சேர்ந்து ஓடுகிறது. 11 நிமிட நகரப் பயணம் எங்கே, இது எங்கே? ஆனால் அந்தத் தூரத்தை நம்பி யாரும் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை. மகனைத் தானம் கொடுக்கச் சம்மதிப்பது எவ்வளவு கனமானது என்பதில்தான் படம் உண்மையாக இருக்க வேண்டும். அங்கே அது பொய் சொல்லவில்லை.

ஆகவே என் அளவுகோல் இது. ஒரு காட்சியில் பிழை இருக்கிறதா என்று கேட்பதைவிட, அந்தப் பிழையை யார் எடுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பார்கள் என்று கேட்க வேண்டும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டரை யாரும் வார்டு வாசலுக்குக் கொண்டுபோவதில்லை. 'இசை ஏறினால் உயிர் வரும்' என்பதைக் கொண்டுபோகிறார்கள். அதைச் சொன்னது இசை என்பதால், தாம் ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாததைத் திருத்துவது எப்படி?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைத்தெருவில் ஒருவர் சுருண்டு விழுந்து, மூச்சில்லாமல் கிடந்தால், 999ஐ அழைத்துவிட்டு உடனே அழுத்தத்தான் வேண்டும். அப்போது பிழைக்கிறவர்கள் உண்டு. அதற்கும் இசை உதவுகிறது. 'ஸ்டேயின் அலைவ்' பாட்டின் தாளம் நிமிடத்துக்கு நூறைக் கொஞ்சம் தாண்டும் என்பதால் முதலுதவிப் பயிற்சிகளில் அதை மனசுக்குள் பாடிக்கொண்டு அழுத்தச் சொல்கிறார்கள். உயிர் மீட்கும் வேலைக்குச் சரியான தாளம் ஒரு துள்ளல் பாட்டில் இருக்கிறது. சீரியலிலோ அதே நேரத்தில் காட்சி மெதுவாக ஓடும்.

பாட்டியின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கும் கருவி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ஒலி, ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே, நோயாளியைப் பார்த்தபடியே மருத்துவர் தெரிந்துகொள்ளட்டும் என்று 1980களில் பரவிய ஏற்பாடு. அளவுக்கருவியோடு பழகியவன் என்பதால் எனக்கு அது உடனே புரிந்தது. உண்மையைச் சொல்லும் இசை ஒன்று அந்த அறையிலேயே இருந்தது. ஆனால் அது நாம் கேட்க விரும்பியதைச் சொல்லவில்லை. அத்தைக்கு அது வெறும் 'பீப்'. சீரியலில் நல்ல சேதி கொண்டுவருமே, அதே 'பீப்'.

நான் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, மருத்துவர் சொன்னதைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எலும்பு, குழாய், இயந்திரம், வாய்ப்பு. அத்தை கேட்டார், பிறகு அழுதார். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அப்பாதான் மருத்துவரிடம் சொன்னார்: "வேணாம் டாக்டர். அம்மாவுக்கு வலிக்காம பாத்துக்குங்க."

பாட்டி இரண்டு நாள் கழித்து விடிகாலையில் போனார். அந்தக் கருவியின் ஒலியை நர்ஸ் முதல் நாளே நிறுத்தியிருந்தார். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த நிமிடத்தில் போனார் என்பது எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

எட்டு மாதமாகிறது. அத்தை இப்போதும் இரவில் சீரியல் பார்க்கிறார். போன வாரம் பசியாற அங்கே போயிருந்தபோது, இட்லி வைத்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு அழுத்தச் சொல்லியிருந்தா, ஒருவேளை…?" நான் மறுபடியும் எண்களைச் சொன்னேன். அத்தை தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. இன்னும் சில தடவை சொல்ல வேண்டியிருக்கும்.