இடக்கைக் குழந்தையும் தூக்கிய திருவடியும்

இடக்கையால் எழுதத் தொடங்கும் குழந்தையிடமிருந்து பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் திணிப்பது சமயம் வகுத்த கடமையா, அல்லது சமயத்தின் பெயரால் வீட்டுக்குள் நிலைத்துவிட்ட பழக்கமா என்னும் வினா சிறியதாகத் தோன்றினாலும், தூய்மை என்பது உடலின் ஒரு பக்கத்துக்கு உரியதா, செயலுக்கு உரியதா, உள்ளத்துக்கு உரியதா என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இவ்வினா தனி அழுத்தம் பெறுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3.8 லட்சம் பேர் வாழ்ந்த அத்தீவுகளில் வங்காளியர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சோட்டா நாக்பூரிலிருந்து வந்த உழைப்பாளர் வழியினர், நிக்கோபாரியர் எனப் பல சமூகத்தாரின் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அமர்கின்றனர். மனிதரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர் என்பதால், அத்தகைய வகுப்பறை எதிலும் இடக்கைக் குழந்தை ஒன்றேனும் இருக்கவே வாய்ப்பு மிகுதி.

அந்த வகுப்பறைக்கு வரும் முன்பே குழந்தையின் கை பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதவைக்கும் வித்யாரம்பம் என்னும் சடங்கில் பெரியவர் தேடிப் பிடிப்பது வலக்கையையே. சரஸ்வதி பூஜையன்று வங்காளியர் நடத்தும் 'ஹாத்தே கொரி' என்னும் எழுத்தறிவிப்பிலும் அதுவே வழக்கம். பள்ளிவாசல் வழக்கம் உண்ணும் கையாக வலக்கையையே காட்டுகிறது. திருச்சபை மரபில் வலப்பக்கம் மதிப்பின் இடம். ஆகவே தமிழ்ப் பாட்டி சொல்வதையே அடுத்த வீட்டு வங்காளிப் பாட்டியும் மலையாளி மூதாட்டியும் சொல்ல, பல மொழிகளில் ஒரே கண்டிப்பைக் கேட்கும் குழந்தை, பிழை தன் கையில் இல்லை, தன்னிடமே இருக்கிறது என்று முடிவு செய்துகொள்கிறது. தமிழ் வீடுகளில் அக்கைக்கு வழங்கும் 'பீச்சாங்கை' என்னும் பெயரும் அம்முடிவை உறுதிப்படுத்தவே செய்கிறது.

பிரெஞ்சு சமூகவியலர் ராபர்ட் எர்ட்ஸ் 1909-இல் வலக்கையின் மேன்மை குறித்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், உடலில் இயல்பாக உள்ள சிறு வேறுபாட்டைச் சமூகம் எடுத்துக்கொண்டு, புனிதமானது, புனிதத்துக்குப் புறம்பானது என்னும் எதிர்நிலையை அதன்மேல் ஏற்றிவிடுகிறது என்று விளக்கினார். அதே ஆண்டில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிய கப்பலில் 'இந்து சுயராஜ்யம்' நூலை எழுதிய காந்தி, வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் சுமார் நாற்பது பக்கங்களை எழுதினார் என்பதும், அப்பக்கங்கள் எவ்வகையிலும் குறைந்தவையாக எவராலும் கருதப்படவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. எர்ட்ஸின் விளக்கம் ஆழமானதே. ஆயினும் தமிழ்ச் சமய மரபுக்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை, ஏனெனில் இம்மரபில் இடப்பக்கம் எப்போதும் தாழ்ந்ததாக இல்லை.

கோயிலை வலம் வருதல், திருநீற்றை வலக்கையால் வாங்குதல் ஆகியவை ஆசாரங்கள், அதாவது குறிப்பிட்ட செயலுக்குக் குறிப்பிட்ட முறையை வகுக்கும் ஒழுங்குகள். தெய்வ காரியத்தில் இடத்தோளில் கிடக்கும் பூணூல் நீத்தார் கடனில் வலத்தோளுக்கு மாறுகிறது. ஆணுக்கு வலக்கண் துடிப்பதும் பெண்ணுக்கு இடக்கண் துடிப்பதும் நல்ல நிமித்தமாகக் கொள்ளப்படுகின்றன. பக்கம் ஒன்றே என்றும் தூயது என்ற கொள்கை இருந்திருந்தால் இம்மாற்றங்களுக்கு இடமிருந்திராது. கழுவும் கைக்கும் உண்ணும் கைக்கும் வேறுபாடு வைத்தது உடல்நலம் கருதிய நல்லொழுங்கு. ஆனால் பென்சில் அவ்வொழுங்குக்கு உட்பட்ட பொருளன்று. உடலின் தூய்மையை நீருக்கும் உள்ளத்தின் தூய்மையை வாய்மைக்கும் உரியதாக்கிய வள்ளுவர், எந்தக் கையையும் அக்கணக்கில் சேர்க்கவில்லை.

சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றாகிய 'உண்மை விளக்கம்', கூத்தப்பெருமானின் திருமேனியில் ஐந்தொழில்களைக் காட்டுகிறது: துடியில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், ஏந்திய தீயில் அழித்தல், ஊன்றிய அடியில் மறைத்தல், தூக்கிய அடியில் அருளல். மறைத்தல் என்பது உயிர் பக்குவம் அடையும்வரை உண்மையை அதற்குப் புலப்படாமல் வைத்தல். அருளல் என்பது அம்மறைப்பை நீக்கி உயிரைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளுதல். தில்லையில் ஊன்றி நிற்பது வலக்கால், தூக்கியது இடக்கால். அத்திருவடியே புகலிடம் என்று அடியார்க்குச் சுட்டிக் காட்டுவதும் இடக்கையே. உமை வீற்றிருப்பதும் இடப்பாகத்திலேயே. அருளின் உறுப்பாக இடப்பக்கத்தையே வணங்கும் சமயத்தவர், இடக்கையை நீட்டிய குழந்தையை அச்சமயத்தின் பெயரால் அடிப்பது, தாம் தொழும் திருவுருவத்தையே சரியாகப் பாராமையாகும். அந்தமானின் போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) உள்ள வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் கூடும் தமிழர்க்கும் இதுவே பொருந்தும்: திருமுருகாற்றுப்படை ஆறுமுகனின் பன்னிரு கைகளையும் இணையிணையாக எடுத்து ஒவ்வொன்றின் தொழிலையும் கூறுகிறதே அன்றி, ஒன்றையும் ஒதுக்கவில்லை.

மரபில் ஒரு மாற்றமும் உண்டு. மதுரை வெள்ளியம்பலத்தில் இறைவன் வலக்காலைத் தூக்கி ஆடுகிறான். நடனம் பயின்று அதன் களைப்பைத் தன் உடலில் அறிந்த இராசசேகர பாண்டியன், ஒரே காலில் என்றும் நிற்கும் இறைவனுக்கு எவ்வளவு வலிக்கும் என வருந்தி வேண்டியதால் அவ்வாறு நிகழ்ந்தது எனத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. அங்கு மாற்றத்தைக் கேட்டவன் வலியை முதலில் உணர்ந்தவன். குழந்தையின் கையை மாற்றுவோர் அவ்வலியை எண்ணிப் பார்ப்பதில்லை. இடமிருந்து வலமாக ஓடும் தமிழ் எழுத்தை, சுழிகளும் வளைவுகளும் நிறைந்த வடிவங்களை, மூளை இயல்பாக வழிநடத்தாத கையால் வரையும்போது குழந்தையின் கவனம் பொருளை விட்டு விரல்களில் சிக்குகிறது. சிறுவயதில் கை மாற்றப்பட்டு வளர்ந்தோர் வலக்கையால் எழுதும்போது மூளையைப் படமெடுத்து ஜெர்மனியில் செய்யப்பட்ட ஆய்வுகள், பல்லாண்டுப் பழக்கத்துக்குப் பின்னும் பழைய இடக்கைச் சார்பின் தடம் முற்றிலும் அழிவதில்லை என்று காட்டின. கைமாற்றத்தால் திக்குவாய் வரும் என்று பெற்றோரை அச்சுறுத்தத் தேவையில்லை, அவ்வுறவு உறுதியாக நிறுவப்பட்டதன்று. தன் உடலை நம்பக்கூடாது என்று ஐந்து வயதில் கற்றுக்கொள்வதே போதுமான தீங்கு. பள்ளியில் அடித்தோ இகழ்ந்தோ மாற்றுவது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடைசெய்த உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் ஆகும்.

ஏற்கெனவே மாற்றப்பட்ட குழந்தைக்கு எவ்வாறு துணை நிற்பது என்பது இதனினும் நுண்ணியது, ஏனெனில் மீண்டும் இடக்கைக்கு மாறு என்று கட்டளையிடுவதும் அதே வன்முறையாகிவிடும். படம் வரைதல், கத்தரிக்கோல், கேரம் போன்றவற்றில் கை தானே தெரிந்தெடுக்க விட்டு, எழுத்தைப் பற்றிய முடிவைக் குழந்தையிடமே விடலாம். இடக்கையால் எழுத விரும்பினால், தாளை உடலின் இடப்புறமாக வைத்து அதன் மேல்விளிம்பை வலப்பக்கம் சாய்த்து, பென்சிலை முனையிலிருந்து சற்று மேலே பிடிக்கக் கற்பிக்க வேண்டும். எழுதியதை உள்ளங்கை மறைக்காதிருக்க இது உதவும். பெஞ்சின் இடது ஓரத்தில் அமரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. கண்டித்த பெரியவரே, அதே வீட்டார் முன்னிலையில், அந்தக் கண்டிப்பு தவறு என்று சொல்வது எல்லாவற்றிலும் முதன்மையானது. கோயிலில் தீர்த்தம் வாங்கும் முறை கெடுமே என்று வருந்துவோர், வலக்கையின் கீழ் இடக்கையைத் தாங்கலாக வைத்து வாங்குவதே வழக்கம் என்பதையும், பெரியோரிடம் இரு கையாலும் பெறுவதே கூடுதல் மரியாதை என்பதையும் குழந்தைக்குக் கற்பிக்கலாம். அதற்கு எழுதும் கையை மாற்ற வேண்டியதில்லை.