கருடனுக்கு எங்கே இடம்?

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. குத்துவிளக்கின் ஐந்து முகங்களையும் ஏற்றியாயிற்று. கூடம் முழுக்க சாம்பிராணி வாசனை. டி.வி.யும் செல்போன்களும் ஓய்வில் இருக்க, மாமியார், கணவர், நான், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் என நால்வரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு பாட்டு, ஒரு கதை, கடைசியில் ஆளுக்கொரு நன்றி. இதுதான் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வழக்கம்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பிறந்தநாளில் வந்த பரிசுகளையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று உதட்டைச் சுழித்தாள் என் மகள். சுருக்கென்றது எனக்கு. இந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நாலைந்து வாரங்கள் எல்லாம் அழகாகத்தான் நடந்தன. அந்த வெள்ளிக்கிழமையும் அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"சாமி, என்னை நல்ல வீட்ல பொறக்க வெச்சதுக்கு தேங்க்ஸ். பாத்திரம் தேய்க்கிற வீட்ல பொறக்க வைக்காம இருந்ததுக்கும் தேங்க்ஸ்!"

சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி உள்ளே இருந்தார். அவருடைய மகள், என் மகள் வயதுதான், சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். இரண்டு நிமிடம் கழித்துத்தான் குழாய்ச் சத்தம் மறுபடி கேட்டது.

சொல்லுங்கள் தோழிகளே, இதில் யார் மேல் தப்பு? குழந்தை மேலா? 'நம்மைவிடக் கஷ்டப்படறவங்களைப் பாரு, அப்பத்தான் சாமி உனக்கு எவ்வளவு கொடுத்திருக்கார்னு தெரியும்' என்று சொல்லிக்கொடுத்தது நான்தானே? அடுத்தவர் கஷ்டத்தை அளவுகோலாக வைத்து அளக்கும் நன்றி, நன்றிதானா? தெய்வத்துக்கு நன்றி சொல்லும்போதே ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தினால், அந்த நன்றி தெய்வத்திடம் போய்ச் சேருமா? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

சுந்தரபாண்டியத்தில் ஒரு சாயங்காலம்

சென்ற ஆண்டு ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது, பக்கத்தில் சுந்தரபாண்டியத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டில் தங்கினேன். கிருஷ்ணன்கோவிலில் இருந்து வத்திராயிருப்பு போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். நெல்லும் தென்னையும் கண்மாயுமாகக் குளிர்ச்சியான பூமி.

அங்கேயும் விளக்கு வைத்ததும் பேரப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். விபூதி பூசிவிட்ட பெரியம்மா, நைவேத்தியத்துக்கு வைத்திருந்த சோற்றைக் காட்டி, "இது எப்படி வந்துச்சு? சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

"நீங்க வடிச்சீங்க அப்பத்தா."

"அதுக்கு முந்தி?"

"மில்லுல அரைச்சாங்க... கதிர் அறுத்தாங்க... நாத்து நட்டாங்க..."

"நாத்து நட்டது யாரு? தாத்தாவா?"

"இல்ல அப்பத்தா, கீழத்தெரு அத்தைங்க எல்லாரும் வந்து நட்டாங்க."

"தண்ணி?"

"கண்மாய்த் தண்ணி. கண்மாய்க்கு மலைத் தண்ணி. மலைக்கு மழை."

"மழை?"

"சாமி!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கவனித்தீர்களா? அந்த விளையாட்டில் சாமி கடைசியில்தான் வந்தார். அவருக்கு முன்னால் எத்தனை மனிதர்கள்! என் வீட்டில் நடந்ததை அன்றிரவு பெரியம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவியபடியே நிதானமாகச் சொன்னார்:

"சாமி நேரா வந்து குடுக்கிறது இல்ல தாயி. ஆள் விட்டுத்தான் குடுப்பாரு. வந்த ஆளை வாசல்ல நிறுத்திட்டு, அனுப்புனவரை மட்டும் கும்பிட்டா அவரு ஒத்துக்குவாரா? உம் மகளைப் பொருளைச் சொல்லச் சொல்லாத. ஆளைச் சொல்லச் சொல்லு."

கருவறை சொல்லும் பாடம்

மறுநாள் ஆண்டாள் சந்நிதியில் நின்றபோதுதான் பெரியம்மாவின் வார்த்தைகள் முழுசாகப் புரிந்தன.

பெருமாள் கோயில்களில் கருடாழ்வாரை எங்கே சேவிப்போம்? மூலவருக்கு எதிரில், கைகூப்பிய கோலத்தில். ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள், ரங்கமன்னாருடன் கருவறையில் அதே வரிசையில் அவரும் நிற்கிறார்! ஆண்டாளைக் கைத்தலம் பற்ற வந்த ரங்கமன்னாரை விரைந்து சுமந்து வந்தாராம் கருடன். அந்த உதவிக்கு நன்றியாகத் தங்கள் பக்கத்திலேயே அவருக்கு இடம் கொடுத்தார்களாம் திவ்ய தம்பதி. பெரியாழ்வாரே கருடனின் அம்சம் என்பதால், மாமனாருக்குரிய மரியாதை இது என்றும் சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். கருடன் வாகனம். சுமந்து வந்தவர். 'கொண்டு வந்து விட்டாயா, சரி, வெளியில் நில்' என்று சொல்லவில்லை தாயார். சுமந்தவரைத் தன் வரிசையில் நிறுத்திக்கொண்டாள். நன்றியின் முடிவான அடையாளம் வாய்ச்சொல் அல்ல. பக்கத்தில் இடம் கொடுப்பது!

நம் வீட்டைச் சுமப்பவர்களுக்கு நாம் எங்கே இடம் கொடுத்திருக்கிறோம்? சமையலறை வாசற்படியில்தானே?

அந்த ஊரின் இன்னொரு பாடம் பெரியாழ்வார். மதுரையில் வல்லபதேவ பாண்டியனின் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி வென்றவரை யானை மேல் ஏற்றி ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். அப்போது கருட வாகனத்தில் பெருமாளே காட்சி கொடுத்தார். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒரு பெரிய பட்டியலையே நீட்டியிருப்போம்! ஆழ்வாரோ எதையுமே கேட்கவில்லை. இப்படி எல்லார் கண்ணிலும் படும்படி வந்து நிற்கிறாரே, கண்ணேறு பட்டுவிடுமோ என்று பதறி, பகவானையே 'பல்லாண்டு வாழ்க' என்று வாழ்த்தினார். அதுதான் திருப்பல்லாண்டு. நாலாயிர திவ்ய பிரபந்தம் தொடங்குவதே அதில்தான்.

'எனக்குக் கொடுத்தாய், சந்தோஷம்' என்பது நன்றியின் முதல் படி. 'கொடுத்த நீ நன்றாக இருக்க வேண்டும்' என்பது அடுத்த படி. முதல் படியில் நம் கண் பொருள் மேல் இருக்கிறது. அடுத்த படியில் கொடுத்தவர் மேல் இருக்கிறது. என் மகளை நான் முதல் படியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

சொல்வதா, அறிவதா?

நம் தமிழிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. இன்று 'நன்றி' என்றால் 'தேங்க்ஸ்' என்பதற்கு இணையான சொல்லாக நினைக்கிறோம். பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த உதவி. அதனால்தான் வள்ளுவர் தம் 11-வது அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர் வைத்தார். 'சொல்லுதல்' என்று வைக்கவில்லை, 'அறிதல்' என்றே வைத்தார். யார் செய்தார்கள், எந்த நேரத்தில் செய்தார்கள், அதற்காக அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் நன்றியறிதல். தெரிந்துகொண்டால் சொல் தானாக வரும்.

'குழந்தையைக் கட்டாயப்படுத்தி நன்றி சொல்ல வைப்பது வெறும் வேஷம் ஆகிவிடாதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கைகூப்பக் கற்றுக்கொடுக்கும்போது குழந்தைக்கு பக்தி என்றால் என்னவென்று தெரியுமா? பழக்கம் முன்னே வரும், பாவம் பின்னே வரும். ஒன்று மட்டும் முக்கியம். சொல்ல எதுவும் இல்லாத நாளில், 'இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா' என்று சொல்லவும் குழந்தைக்கு உரிமை வேண்டும். மனசு சரியில்லாத பிள்ளையின் வாயை 'நன்றி கெட்டவளே' என்று அடைத்தால், நன்றி என்ற சொல்லே அதற்குக் கசந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிள்ளைகளுக்கு நன்றி கற்றுக்கொடுக்கிறோம் என்று ஆரம்பித்து, 'உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா?' என்று கணக்குப் புத்தகத்தை நீட்டிவிடுகிறோம். வேலைக்கு வருகிறவரிடம், 'பழைய புடவை கொடுத்தேனே, நன்றி இருக்கா பார்' என்று முணுமுணுக்கிறோம். பெற்ற உதவியை நினைப்பது தர்மம். செய்த உதவியைச் சொல்லிக்காட்டி நன்றி கேட்பது வியாபாரம். நன்றியை நாம் செலுத்தலாம், வசூலிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மாறியது

ஊரிலிருந்து திரும்பியதும் அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "குழந்தைதானேம்மா, விடுங்க" என்றார். ஆனால், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் தன் மகளை அழைத்து வருவதே இல்லை. அது எனக்குச் சரியான தண்டனை.

அந்த வாரம் விளக்கு முன்னால் உட்கார்ந்தபோது மகளிடம் கேட்டேன்: "இப்ப நாம நிம்மதியா உட்கார்ந்து பாடறோமே, இது எப்படி வந்துச்சு?" யோசித்தவள், சமையலறைப் பக்கம் பார்த்தாள். "ஆன்ட்டி உள்ள வேலை செய்யறாங்க." கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள்: "அப்போ அவங்க வீட்ல யாரும்மா விளக்கேத்துவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. எத்தனை வெள்ளிக்கிழமைகள்! நம் வீட்டு லக்ஷ்மி கடாட்சத்துக்காக இன்னொரு வீட்டின் விளக்கு நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் மாலை நான்கரைக்கே அவர் கிளம்பிவிடுகிறார். சம்பளத்தில் ஒரு பைசா குறைவில்லை. மாலைப் பாத்திரங்களை நாங்களே தேய்க்கிறோம். துடைத்து அடுக்குவது என் மகளின் வேலை. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாள். மூன்றாவது வாரம், "ஆன்ட்டிக்கு தினமும் கை இப்படித்தான் வலிக்குமாம்மா?" என்றாள். எத்தனை கதை சொல்லியும் வராத அறிவு அது!

நீங்களும் செய்யலாம்

குடும்பமாகச் சேர்ந்து பிரார்த்தனைக்கென்று நேரம் ஒதுக்குவது மற்ற மதங்களிலும் இருக்கும் நல்ல வழக்கம்தான். யூதர்களின் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை தாய் விளக்கேற்றுகிறாள். பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி கூறுகிறார்கள். நம் ஊர் கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் உண்டு. அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியல் அறிஞர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரிய விஷயங்களை வாரந்தோறும் எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிட மன நிறைவோடு இருந்தது தெரியவந்தது.

நீங்களும் ஆரம்பியுங்கள். அரை மணி நேரம் போதும்.

* விளக்கேற்றுவதைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். வாரம் ஒருவர் முறை.

* பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது எப்படி வந்தது?' என்று பின்னோக்கிப் போகும் விளையாட்டை விளையாடுங்கள்.

* 'இந்த வாரம் உனக்கு யார் என்ன செய்தார்கள்?' என்று கேளுங்கள். பொருள் வேண்டாம், ஆள் வேண்டும். அடுத்தவரோடு ஒப்பிட்டு நன்றி சொல்ல விடாதீர்கள்.

* பிள்ளை சொன்ன அந்த ஒருவர் நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லாருமாகச் சேர்ந்து பிரார்த்தனை செய்யுங்கள். பெரியாழ்வார் காட்டிய வழி இது.

* அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு ஏதாவது ஒன்று செய்யுங்கள். அவருடைய சுமை கொஞ்சமாவது குறைய வேண்டும்.

* நீங்களும் பிள்ளைகள் முன்னால் நன்றி சொல்லுங்கள். கணவருக்கு, மாமியாருக்கு, ஏன், பிள்ளைகளுக்கும்தான்!

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்குப் போகிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் போகிறது. ஆண்டாளின் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. தெய்வங்களுக்குள்ளேயே வாங்குவதும் கொடுப்பதுமாக அன்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் நம் வீட்டுப் பூஜையறையோடு நின்றுவிடக் கூடாது. சமையலறை வாசற்படியையும் தாண்டிப் போக வேண்டும்.

போன வாரம் என் மகள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "சாமி, ஆன்ட்டி வீட்லயும் இப்ப விளக்கு எரியணும்."

சூடிக் கொடுத்த சுடர்க்கொடி உங்கள் வீட்டு விளக்கையும், உங்கள் வீட்டைச் சுமப்பவர்களின் வீட்டு விளக்கையும் அணையாமல் காப்பாளாக!