மணமுறிவும் வாய்மையும்

இல்லறத்தில் இணைந்த இருவர், இனிச் சேர்ந்து வாழ்தல் இயலாது என ஒருமனப்பட்டுத் தெளிந்தால், அத்தெளிவு ஒன்றையே காரணமாகக் காட்டி விடுதலை கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? சட்டம் பற்றியதாகத் தோன்றும் இவ்வினா, அடிப்படையில் அறம் பற்றியதாகும்.

புறக்கோட்டையின் கடைத்தெருக்களுக்கு அணித்தே அமைந்துள்ளது புதுக்கடை நீதிமன்ற வளாகம். கொட்டாஞ்சேனையில் வாழும் தமிழ்த் தம்பதியர் மணமுறிவு வேண்டின், அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தையே நாடுவர். தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையை ஆளினும், மணமுறிவுக்கான காரணங்களை வகுப்பது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டமே. மணத்தின் பின்னான பிறர் உறவு, தீய நோக்குடன் கைவிட்டுச் செல்லல், மணவேளையிலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை என்னும் மூன்றையே அது ஏற்றது. இருவரின் இசைவு அவற்றுள் ஒன்றன்று.

வழக்கு நடைபெறும் முறையும் இதற்கு இயைபாகவே அமைந்துள்ளது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, வாதி முறைப்பாட்டைத் தாக்கல் செய்ய, பிரதிவாதிக்கு அழைப்பாணை செல்லும். அவர் மறுமொழி அளிப்பார். வழக்கு நிலுவையிலிருக்கும் காலத்துக்கு இடைக்காலத் தாபரிப்புக் கேட்கலாம். பிரதிவாதி தோன்றாது விடினும் வாதி தம் கூற்றைச் சான்றால் நிறுவியாக வேண்டும். நிறுவப்பட்டால் முதலில் நிபந்தனைத் தீர்ப்பாணை பிறக்கும். குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாணையாகும். இருவரும் கூடிப் பேசி வழக்கை அமைத்துக்கொண்டனர் எனக் கண்டால், மன்று முறைப்பாட்டைத் தள்ளிவிடும்.

சிக்கல் இங்குதான் எழுகின்றது. பகையின்றிப் பிரிய விரும்புவோர், ஒருவரைக் குற்றவாளியாக்கினாலன்றி விடுதலை பெறார். ஒருவர் தம்மைக் கைவிட்டதாக மற்றவர் சத்தியம் செய்து சாட்சி கூறுவார். குற்றஞ்சாட்டப்பட்டவரோ மன்றுக்கு வாராது அமைவார். உண்மை பேசுவோர்க்குக் கதவு அடைபடுகின்றது. உண்மையை மறைப்போர்க்கு அது திறக்கின்றது. வாய்மையைக் காக்க எழுந்த மன்றமே பொய்யை வேண்டி நிற்பது விந்தையன்றோ!

இந்நிலை தவிர்க்கவியலாததன்று. இதே தீவில், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருவர் இசைவையும் மணமுறிவுக்குக் காரணமாக ஏற்றது. இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்தில் 1976இல் இசைவு மணமுறிவு இடம்பெற்றது. இங்கிலாந்து 2022 முதல் குற்றச்சாட்டையே வேண்டாது விட்டது. இலங்கையின் பொதுச்சட்டத்திலும் 1977இல் ஒரு திருத்தம் வந்தது: ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தோர் மணமுறிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. ஆயின் 1986இல் உயர் நீதிமன்றம், பிரிவு மட்டும் போதாது, குற்றமும் காட்டப்படவேண்டும் என்று பொருள்கொண்டது.

குற்றநெறியை ஆதரிப்போர் கூறுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று. இசைவு என்பது வலியவனின் வற்புறுத்தலாகவும் இருக்கக்கூடும். வருவாயற்ற மனைவியை மனம்போனபடி தள்ளிவிடாதிருக்கக் குற்றநெறி ஓர் அரணாகின்றது என்பர். இவ்வச்சம் மெய்யானதே. ஆயின் அவளுக்கு வேண்டுவது உணவும் உறையுளும் பிள்ளைகளின் நலனுமாகும். கணவன் குற்றவாளி என்ற முத்திரை அவற்றைத் தானே ஈட்டித் தராது. ஜீவனாம்சம், சொத்துப் பங்கீடு, பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியவற்றை மன்று நேரடியாக ஆராய்ந்து உறுதிசெய்வதே மெய்யான அரண். இசைவு உண்மையானதா என்று வினவுவதும் மன்றுக்கு இயலாததன்று.

குற்றம் நிகழ்ந்தவிடத்து அதனைக் கூறி நீதி பெறும் வழி நிலைக்கவேண்டும். கொடுமைக்குள்ளானவர் தம் துயரை இசைவு என்னும் போர்வையுள் மறைக்கவேண்டியதில்லை. அதுபோலவே, குற்றம் இல்லாவிடத்து அதனைப் புனையுமாறு எவரையும் சட்டம் தூண்டலாகாது. மணவாழ்வின் தூய்மையைக் காக்கும் நோக்குடன் பொய்ச் சத்தியத்துக்கு இடங்கொடுக்கும் சட்டம், மணத்தையும் காப்பதில்லை, வாய்மையையும் காப்பதில்லை.