விரலை விடும் வேளை

அண்மையில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின், உறுதிபூசுதல் வகுப்பிற்குப் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுள்ள சிறுவன் ஒருவன் வரிசையில் வந்து நின்றான். "உன் பெயரென்ன தம்பி?" என்று கேட்டோம். அவனுக்குப் பின்னால் நின்ற தாய் பெயரைச் சொன்னார். "எத்தனையாம் வகுப்பு?" என்றோம். அதற்கும் தாயே விடை தந்தார். "உறுதிபூசுதலுக்கு எந்தப் புனிதரின் பெயரை ஏற்கப் போகிறாய்?" என்று கேட்டபோது, சிறுவன் நம்மைப் பார்க்கவில்லை, திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தான். "அந்தோணியார்னு எழுதிக்கோங்க ஃபாதர்" என்றார் அவர். நாமும் எழுதிக்கொண்டோம்.

இல்லம் திரும்பிய பின்னர்தான் நெஞ்சில் உறுத்தியது. குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்றபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நமக்காகக் கொடுத்த வாக்குறுதிகளை, நாமே வாய்திறந்து புதுப்பித்துக்கொண்டு பெறுகிற அருளடையாளமன்றோ உறுதிபூசுதல்! அதற்கான பெயர்ப் பதிவிலேயே அச்சிறுவனுக்குப் பதிலாகத் தாய் பேசினார். பங்குத்தந்தையாகிய நாமும் அதை இயல்பென்று ஏற்றுக்கொண்டோம். அந்தத் தாய் நல்லவர்; மகன்மீது உயிரையே வைத்திருப்பவர். ஆகையால் இங்கே நாம் ஆராய விழைவது அன்பின் குறையைப் பற்றியன்று; அன்பு நிறைந்த இல்லங்களில் எழும் ஒரு கேள்வியைப் பற்றியே. பிள்ளையைக் காப்பது பெற்றோரின் கடமை. ஆனால் அந்தக் காவல் எதற்காக? எதுவரைக்கும்?

நாம் சிறுவராய் இருந்த நாள்களில், ஏழெட்டு வயதுப் பிள்ளை மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு தனியே ரேஷன் கடைக்குப் போவது எவருக்கும் வியப்பளிக்கவில்லை. சில்லறையைத் துணி முனையில் முடிந்து கொடுத்து, "மீதியைக் கேட்டு வாங்கு" என்று அனுப்புவார்கள். வரிசையில் நிற்கவும், பெரியவர்கள் முந்தினால் "நான்தான் முன்னாடி வந்தேன்" என்று சொல்லவும், மீதியைச் சரிபார்க்கவும் நாம் கற்றது அந்தக் கடை வாசலில்தான்.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமென்று போற்ற நாம் முன்வரவில்லை. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுந்தும், கண்மாயில் மூழ்கியும் மாண்ட சிறுவர்களை நம் ஊர்கள் அறியும். பள்ளியைத் துறந்து தீப்பெட்டி ஆலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் தனியாகத்தான் நடந்து சென்றார்கள். அதைச் சுதந்திரம் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். இன்றோ நாம் ஓடியாடிய தெருக்களில் லாரிகளும் பேருந்துகளும் விரைகின்றன. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தாம். நாளிதழைத் திறந்தால் நெஞ்சு நடுங்குகிறது. எனவே இன்றைய பெற்றோரின் அச்சத்தை வெறும் மிகையென்று ஒதுக்குவது நேர்மையாகாது. அச்சம் உண்மையானது. அந்த அச்சத்தை நாம் எதைக் கொண்டு ஆற்றுகிறோம் என்பதே கேள்வி.

பங்கில் ஒரு தந்தை நம்மிடம் தம் கைப்பேசியைக் காட்டினார். அதன் திரையில் நிலப்படம்; அதன்மேல் ஒரு சிறு புள்ளி. "பாருங்க ஃபாதர், பையன் இப்ப டியூஷன்ல இருக்கான். எங்க போனாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்று மனநிறைவோடு சொன்னார். "நல்லது, அவன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டோம். அவர் சற்றுத் திகைத்தார். "நல்லாத்தான் இருக்கான்" என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றி ஓர் இயல் முழுவதும் எழுதியுள்ளார். பிள்ளை எந்நேரமும் எவ்விடத்தில் இருக்கிறது என்று அறியத் துடிப்பது கல்வியாகாது என்பதும், அதன் உள்ளம் எங்கே நிற்கிறது, எதை நோக்கிச் செல்கிறது என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய பெரிய கேள்வி என்பதும் அங்கு அவர் தரும் அறிவுரையின் சாரம். நிலப்படத்துப் புள்ளி முதற்கேள்விக்கு விடை தரும், இரண்டாவதற்குத் தராது. முதல் விடை கையில் இருப்பதாலேயே இரண்டாம் கேள்வியைக் கேட்க மறந்துபோகிறோம்.

இதைப் பிறருக்குச் சொல்லும் முன் நம் தவறு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில் மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பை ஏற்றிருந்தோம். மாணவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் படித்துப் பார்த்த பின்னரே அஞ்சலில் சேர்ப்பது அங்கு வழக்கம். அதை நாமும் தவறாமல் செய்தோம். பிள்ளைகளின் நலனுக்காகவே செய்கிறோம் என்று நம்பினோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய கடிதங்கள் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும்: தான் நலம், நன்றாகப் படிக்கிறான், உணவு நன்றாயிருக்கிறது. குறையற்ற பிள்ளை என்று மகிழ்ந்தோம். காலாண்டுத் தேர்வின்போது அவன் ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவிட்டான். பல மாதங்களாக மூத்த மாணவன் ஒருவன் அவனை அடித்துத் துன்புறுத்தி வந்தது அப்போதுதான் தெரிய வந்தது. "வீட்டுக்காவது எழுதியிருக்கலாமே?" என்று கேட்டோம். "நீங்க படிப்பீங்களே ஃபாதர்" என்றான்.

அவனுடைய ஒவ்வொரு எழுத்தையும் நாம் படித்திருந்தோம். அவனைப் பற்றி ஒன்றும் அறிந்திருக்கவில்லை. இடைவிடாது கண்காணிக்கப்படும் பிள்ளை நல்லவனாக இருக்கக் கற்பதில்லை. கண்காணிப்பவர் விரும்புவதைக் காட்டக் கற்கிறான். மனச்சான்று வளர வேண்டிய இடத்தில் நம் கண்ணே குடியேறிவிடுகிறது. அக்கண் மூடும் நாளில் அவனுக்குள் வழிகாட்ட எதுவும் இராது.

இங்கே இன்னொரு கசப்பான உண்மையையும் மறைக்கலாகாது. சிறுவர், சிறுமியருக்கு எதிரான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவை முன்பின் அறியாதவரால் நிகழ்வதில்லை. உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர் என்று பிள்ளை நன்கறிந்தவராலேயே நிகழ்கின்றன. இந்நாட்டில் 2012-ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. திரு அவையின் பணியாளர்களும் இக்கொடுமையைச் செய்தனர். அதை மறைத்தவர்களும் உண்டு. 2019-இல் திருத்தந்தையே இதற்காகப் புதிய சட்டவிதிகளை வகுக்க நேர்ந்தது. குருவாகிய நாம் இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

இதிலிருந்து பெற்றோர் என்ன கற்க வேண்டும்? தெருவிலிருந்து காக்கும் சுவர், வீட்டுக்குள் வந்துபோகும் தீங்கிலிருந்து காப்பதில்லை. பெரியவர் எவர் எதைச் சொன்னாலும் பணிய வேண்டும் என்று மட்டும் பழக்கப்பட்ட பிள்ளையே தீயோருக்கு எளிய இரை. "மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, நடந்ததைத் தாயிடம் அஞ்சாமல் சொல்லும் பிள்ளை, தன் வாயால் பேசிப் பழகிய பிள்ளை, இவர்களுக்கே ஓரளவேனும் காவல் உண்டு. ஆகவே பிள்ளையின் தன்னுரிமையும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சொந்தக் குரலும் ஒரு காவலே. இது பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். மகனுக்கு மிதிவண்டியும் மகளுக்கு வாசற்படியும் என்று பிரித்துக் கொடுக்கும் இல்லங்கள் மகளைக் காப்பதாக எண்ணுகின்றன. அவளுக்குரிய படைக்கலத்தைப் பறித்துக்கொள்கின்றன.

இறைவனே நம்மை எப்படிக் காக்கிறார் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இறைப்பராமரிப்பைப் பற்றி விளக்குகையில் புனித தோமா அக்குவினார் ஓர் அரிய கருத்தைக் கூறுகிறார். இறைவன் தம் திட்டத்தைப் படைப்புகள் வழியாக நிறைவேற்றுவது அவரிடம் ஆற்றல் குறைவு என்பதாலன்று. நன்மை நிறைந்து வழிவதால், தாமும் காரணமாய் நின்று செயலாற்றும் மாண்பை அவர் படைப்புகளுக்கும் பகிர்ந்தளிக்கிறார். எல்லாவற்றையும் தாமே செய்துமுடிக்க வல்லவர், நம் கையாலும் செய்யவிடுகிறார். நாம் தவறு செய்வோம் என்று அறிந்தும் விடுகிறார். அவரது காவல் நம் செயலுக்குப் பதிலாக நிற்பதன்று. நம் செயலைத் தாங்கி நிற்பது. பெற்றோரின் காவலுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு எங்கே உண்டு? நிலத்தையும் நகையையும் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். விவேகத்தை எழுதி வைக்க இயலாது. அதை அவரவர் தம் செயலால் மட்டுமே ஈட்ட முடியும்.

திருக்குடும்பத்திலும் இப்படியொரு நாள் வந்தது. பன்னிரண்டு வயதில் இயேசு பாஸ்கா விழாவுக்காகப் பெற்றோருடன் எருசலேம் சென்றதையும், அவர்கள் திரும்புகையில் அவர் அங்கேயே தங்கிவிட்டதையும் லூக்கா நற்செய்தியாளர் இரண்டாம் இயலில் எழுதியுள்ளார். மகன் பயணிகள் கூட்டத்தில் இருப்பார் என்றெண்ணி மரியாவும் யோசேப்பும் ஒருநாள் பயணத் தொலைவு நடந்துவிட்டார்கள். இதை வாசிக்கும் இக்காலத் தாய், "ஒரு பகல் முழுவதுமா பார்க்காமல் இருந்தார்கள்?" என்று வியக்கக்கூடும். அது கவனக்குறைவன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்நேரமும் தாயின் கையைப் பற்றிக்கொண்டே நடக்க வேண்டியதில்லை என்னும் நம்பிக்கை ஒன்று. உடன் நடக்கும் உறவினரும் ஊராரும் அவனைப் பார்த்துக்கொள்வார்கள் என்னும் நம்பிக்கை மற்றொன்று.

ஆனால் காணவில்லை என்று அறிந்ததும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. திரும்பி நடந்தார்கள்; மூன்று நாள்களுக்குப் பின் கண்டடைந்தார்கள்; தங்கள் வேதனையை மறைக்காமல் மகனிடம் சொன்னார்கள். விட்டுக்கொடுப்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தேடல் காட்டுகிறது. மகன் தந்த விடை அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காததை அன்னை மரியா தடை செய்யவில்லை, உள்ளத்தில் இருத்திக்கொண்டார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குச் சென்று பணிந்து நடந்தார். பிள்ளை தன் வழியை உணரத் தொடங்குவதும் பெற்றோருக்குப் பணிவதும் ஒரே இல்லத்தில் சேர்ந்திருக்க முடியும் என்று நற்செய்தி கூறுகிறது.

விரலை விடும் இந்த வேதனை பன்னிரண்டு வயதோடு முடிவதில்லை. 383-ஆம் ஆண்டு, முப்பது வயதை நெருங்கிய அகுஸ்தினார் உரோமைக்குப் புறப்பட எண்ணினார். தாய் மோனிக்கா கார்த்தேஜ் துறைமுகம் வரை வந்து அவரைப் பற்றிக்கொண்டார். மகனோ அவரை ஏமாற்றி, அருகிலிருந்த புனித சிப்ரியான் நினைவுக் கோவிலில் அன்றிரவு தங்கச் செய்து, கப்பலேறிவிட்டார். மகன் போகக்கூடாது என்பதே அன்றிரவு தாயின் மன்றாட்டு. அவ்விரவின் மன்றாட்டை இறைவன் கேட்கவில்லை. ஏனெனில் அவர் எந்நாளும் மன்றாடியதை வழங்கவிருந்தார் என்று அகுஸ்தினாரே பின்னாளில் எழுதினார். அப்பயணம் அவரை மிலான் நகரில் ஆயர் அம்புரோசியாரிடம் கொண்டு சேர்த்தது. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் அவர் திருமுழுக்குப் பெற்றார். மோனிக்காவும் கடல் கடந்து மிலானுக்கு வந்துவிட்டிருந்தார். அவர் கையை விட்டார், பின்தொடர்வதை விடவில்லை. ஆனால் தாயின் கைப்பிடியில் மகன் கார்த்தேஜிலேயே தங்கியிருந்தால் என்னவாயிருக்கும்?

எல்லாப் பிள்ளைகளின் கதையும் இவ்வாறு நலமாய் முடியும் என்று நாம் உறுதி கூற இயலாது. விட்டுக்கொடுத்ததால் துயருற்ற பெற்றோரின் கண்ணீரை நாம் கல்லறைத் தோட்டத்திலும் கண்டிருக்கிறோம். ஆகவே ஒரேயடியாக விடுங்கள் என்று சொல்லவில்லை. அளந்து விடுங்கள் என்கிறோம். ஐந்து வயதில் தன் கையால் உண்ணட்டும். எட்டு வயதில் தெருமுனைக் கடைக்குப் போய் மீதியை எண்ணி வாங்கட்டும். பன்னிரண்டில் தன் பெயரைத் தானே சொல்லட்டும். பதினைந்தில் தன் தவற்றுக்குத் தானே மன்னிப்புக் கேட்கட்டும்.

அதே வேளையில், முழுச்சுமையையும் பெற்றோர்மீது ஏற்றிவிட்டுப் பங்கு மக்களாகிய நாம் ஒதுங்கிக்கொள்ளக்கூடாது. நாசரேத்துப் பெற்றோருக்குக் கூட வந்த கூட்டம் ஒன்று இருந்தது. இன்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியவில்லை; தெரிந்தாலும் தெருவில் கண்டால், "எங்கே தனியாகப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டுத் தாயைக் குறை கூறுகிறோம். நம் அன்பியக் கூட்டங்களில் செபமாலை சொல்கிறோம், காணிக்கை எடுக்கிறோம். அந்தப் பதினைந்து, இருபது குடும்பங்களும் ஒன்றின் பிள்ளைகளை மற்றொன்று பெயர் சொல்லி அறிந்து, கோவிலுக்கும் கடைக்கும் போகும் வழியில் கண்வைத்திருந்தால், ஒரு தாயாவது தன் பிள்ளையைத் தெருமுனை வரை அச்சமின்றி அனுப்பத் துணிவார். அதுவும் அன்பியத்தின் பணியே.

அடுத்த ஞாயிறு அச்சிறுவனைத் தனியே அழைத்தோம். தாயின் இசைவோடுதான், அவர் சற்றுத் தள்ளி, எல்லாரும் காணும்படி வாசலருகே பெஞ்சில் அமர்ந்திருந்தார். "எந்தப் புனிதரின் பெயர் வேண்டும்?" என்று மீண்டும் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தான். ஒருமுறை தாயிருந்த பக்கம் திரும்பினான். தாய் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்கு எளிதாக இருந்திராது. பின்பு நம்மைப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன் ஃபாதர்" என்றான். பதிவேட்டில் முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவ்விடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.