மரபணுவும் ஆயுளும்

ஓரில்லிற் பிறந்து ஒருங்கு வளர்ந்தாருள்ளும் ஒருவர் நரைத்து முதிர, மற்றொருவர் நடுவயதில் மாய்கின்றார். இவ்வேறுபாடு வினையான் வருவதென்பது சித்தாந்த சைவர் துணிபு. பிணி, மூப்பு, சாக்காடு முதலியன கருவிலேயே அமைவன என்பதனைச் சிவஞான சித்தியார் பயின்றார் யாவரும் அறிவர். இக்காலத்து உயிர்நூலாரோ, தாய்தந்தையர்பால் நின்று வரும் மரபணுவின் வேறுபாட்டையும் ஒரு காரணமாகக் காட்டுப. ஆயின் வினை என்பது மரபணுவேயாமோ?

இவ்வினாவிற்கு ஏற்றதொரு சான்று மதுரையைச் சார்ந்தே கிடைத்துளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத்து உயிரணு ஆய்வு மையத்துக் குமாரசாமி தங்கராசும், பிறநாட்டறிஞர் பலரும் கூடி நிகழ்த்திய ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. மரபணுவை நால்வகை எழுத்தான் இயன்றதோர் ஏடெனக் கொள்ளின், இதயத் தசையின் புரதம் ஒன்றனை ஆக்கும் ஏட்டில் 25 எழுத்துக்கள் குறைந்த திரிபு இந்திய மக்களுள் நூற்றுவரில் ஏறக்குறைய நால்வர்பால் உளதென அவர் கண்டனர். பிழைபட்ட அப்புரதத்தை இளமையில் உடம்பு தானே சிதைத்து அகற்றிவிடும். மூப்பு அணுக அவ்வாற்றல் தளர்தலின், புரதம் தங்கி இதயம் நலிவுறும். மக்கட்பேற்றிற்குப் பின்னரே பெரும்பாலும் தீங்கு தோன்றுதலான், இத்திரிபு சுமார் 33,000 ஆண்டுகளாக அழியாது வழிவழி வந்ததென்ப. தாய்தந்தையர் இருவர்பாலும் நின்று இதனைப் பெற்ற குழவி இளமையிலேயே இறத்தலும் உண்டு.

எனினும் திரிபுடையார் எல்லாரும் நோயுறுவாரல்லர். டென்மார்க்கு நாட்டில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையரை ஆராய்ந்தோர், ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு கூறே மரபான் வருவதென்றனர். எஞ்சிய முக்கூறும் உணவு, தொற்றுநோய், தொழில், எதிர்பாரா இடையூறு முதலிய பலவற்றான் வருவனவாம்.

மரபணுவே வினையென்பார் கூற்று இதனாற் பொருந்தாமை தெளிவு. மரபணு உடம்பின் உறுப்பு. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனுள் தனுவின்பாற் படுவது. சடமாகிய அது, இன்னார்க்கு இன்னது உரித்தென அறிந்து கூட்டமாட்டாது. வினை தானும் சடமேயாகலின் கூட்டுவான் ஒருவன் வேண்டும் என்பதன்றோ சித்தாந்தம்?

இனி, திரிபுடையாரைத் தீவினை மிக்காரென இழித்தலும், மணம் பேசுங்கால் அக்குடியை விலக்குதலும் அதனினும் பெரும் பிழை. ஆலவாய்த் திருக்கோயிலின் ஆடி வீதியில் வலம்வரும் நூற்றுவருள் நால்வர்பால் இஃது இருத்தல் கூடும். அவர் யாவரென முகத்தான் அறியவாராது. ஆயுட் குறைவே தீவினைக்கு அளவாயின், 32 ஆண்டு வாழ்ந்த திருவாதவூரடிகளையும், 16 ஆண்டே இருந்த ஆளுடைய பிள்ளையாரையும் என்னென்பது? அப்பிள்ளையார்தாமும் இம்மதுரையிற் பாண்டியன் வெப்புநோயை அவன் வினையென விடுத்து வாளா இருந்தாரல்லர். அருகிருந்து நீறு பூசித் தீர்த்தனர்.