பெட்டியைத் திறந்த பிறகு



மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிய மாலை கல்லறையில் வாடுமுன்னே, தகப்பனாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு கடன் பத்திரம் அகப்படுகிறது. சில வீடுகளில், யாரும் அறியாத ஒரு பிள்ளையின் படம். உடனே அழுகை ஏச்சாக மாறுகிறது.

மக்கபேயர் இரண்டாம் ஆகமம் 12-ம் அதிகாரத்தை வாசியுங்கள். போரில் மாண்டவர்களை அடக்கஞ் செய்ய எடுத்தபோது, அவர்கள் உடுப்புக்குள் யாம்னியா ஊர் விக்கிரகங்களுக்குரிய பொருட்கள் இருந்தன. யூதாஸ் மக்கபேயும் அவருடைய ஆட்களும் அதை மறைக்கவில்லை, மாண்டவர்களைத் தூற்றவுமில்லை. அந்தரங்கங்களை வெளிப்படுத்தும் சர்வேசுரனைத் துதித்து மன்றாடினார்கள். பிறகு 2,000 வெள்ளித் திராக்மா திரட்டி, பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார் யூதாஸ்.

ஆகையால் பூசை ஒப்புக்கொடுங்கள். ஆனால் கடன் கொடுத்தவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பூசைப் பணம் கொண்டுவராதேயுங்கள். படத்திலுள்ள பிள்ளை ஒரு பாவமும் அறியாதது. அதன் முகத்தில் கதவைச் சாத்தாதேயுங்கள். எப்படித் தொடங்குவதென்று தெரியாவிட்டால், சாயங்காலம் அறைவீட்டுக்கு வாருங்கள், இருந்து பேசுவோம்.