எண்ணாமற் செய்த கொலை

தெருவிலே தாய்ப்பசுவோடு கிடந்த கன்றின்மீது எல்லாளனுடைய மைந்தனின் தேர் ஏறியது. அவன் அதனைக் கொல்லக் கருதியவனல்லன்; எண்ணாமலே நிகழ்ந்ததென்று மகாவம்சமும் கூறுகின்றது. ஆயினும், பசு மணியை இழுத்தபோது அரசன் அதனை ஒரு நியாயமாகக் கொள்ளவில்லை. மைந்தனின் தலையைத் தேர்ச்சில்லினாலேயே துணித்தான். இத்தண்டனை இன்றைய உள்ளத்துக்குக் கொடியதாகவே தோன்றும். எனினும், கருதாமை ஒரு கொலையை எவ்வளவு தூரம் கழுவும் என்ற வினா அத்தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை.

தென்சமுத்திரத்தில் அவ்வினா வேறு வடிவில் எழுகின்றது. அங்கே சூரை மீனுக்காக விடப்படும் நெடுந்தூண்டில் பல கிலோமீற்றர் நீளமுள்ளது. கிளைக்கயிறுகளின் நுனிகளில் இரை கோத்த முட்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். கப்பலின் பின்புறத்தால் இறக்கப்படும் அவை உடனே அமிழ்வதில்லை. அச்சிறு பொழுதினுள் அல்பற்றோஸ் பறவை இரையைக் கௌவ, முள் சிக்கிக்கொள்ள, அமிழும் கயிறு அதனையும் நீருள் இழுத்து மூழ்கடிக்கின்றது. யப்பானியத் தூண்டிற் கப்பல்களால் அக்கடலில் ஆண்டுதோறும் 44,000 அல்பற்றோஸ்கள் இறப்பதாக, 1991இல் நைஜல் பிறதர்ஸ் என்பார் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இவ்வினத்தின் பெரும்பறவை சிறகு விரித்தால் மூன்று மீற்றருக்கு மேல் அகலும். இரண்டாண்டுக்கு ஒரு முட்டையே இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாத்து, இரை கொணர்ந்து வளர்ப்பன. கடலில் ஒன்று மடியின், தீவிலே காத்திருக்கும் குஞ்சும் பெரும்பாலும் பட்டினியால் மடியும்.

மீனவன் வேண்டியது மீனையேயன்றிப் பறவையையன்று. தற்காப்பில் நிகழும் கொலையை ஆராய்ந்த தோமஸ் அக்குவைனாஸ், ஒரு செயலுக்கு இரு விளைவுகள் உண்டாகலாம் என்றும், கருதிய விளைவே அச்செயலின் தன்மையைத் தீர்மானிக்கும் என்றும் வாதிட்டார். மீன்பிடித்தொழிலுக்கு இது நல்லதொரு புகலிடமே. ஆனால், அவ்விடத்திலேயே அவர் இன்னொன்றும் சொன்னார்: தேவைக்கு மிஞ்சிய வன்மையைக் கையாண்டால் தற்காப்பும் நெறிதவறியதாகும். புகலிடம் தேடுவோர் பலர் இப்பகுதியை வாசிப்பதில்லை. பறவை சாகாமலே மீன் பிடிக்கலாமென்று தெரிந்தபின் நிகழும் சாவு, தேவைக்கு மிஞ்சியதல்லவா?

வழி உண்டென்பதை முதலிற் கண்டவர்களும் மீனவர்களே. கப்பலின் பின்னால் உயரத்திலிருந்து நாடாக்கள் தொங்கவிட்ட கயிற்றை இழுத்துச் சென்று பறவைகளை வெருட்டும் முறையை யப்பானிய மீனவர்கள் வகுத்தனர். இரை வீணாகக்கூடாதென்பதே அவர்கள் நோக்கம். இலாபத்துக்காக நேர்மை காட்டும் கடைக்காரனைப் பற்றிப் பேசிய கான்ற், இதிலும் அறமதிப்பு இல்லையென்றே கூறியிருப்பார். அது சரியாயினும், அதனாற் பிழைத்த பறவைகள் பிழைத்தவையே. குறை வேறிடத்தில் உள்ளது: இரையின் நட்டம் அற்பமாகப்படும் இடத்தில் அந்நோக்கம் ஓய்ந்துவிடும். தென் ஜோர்ஜியாத் தீவைச் சூழ்ந்த கடலில் 1990களில் ஆயிரக்கணக்கில் இறந்த பறவைகளைக் காத்தது இலாபமன்று, விதியே. குளிர்காலத்தில் மட்டும் மீன்பிடித்தல், இரவில் தூண்டில் இறக்கல், கயிற்றுக்குப் பாரமிடல் என்பன கட்டாயமாக்கப்பட, சில ஆண்டுகளில் அவ்விறப்பு ஏறக்குறைய இல்லாதொழிந்தது.

எல்லாளன் கதைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. அவனுடைய தேரின் நுகம் ஒருமுறை தூபியொன்றைச் சிதைத்தது, அதுவும் எண்ணாமலே. தன் தலையையும் சில்லினால் துணிக்கச் சொன்ன அரசனை அமைச்சர் தடுத்து, தூபியைச் செப்பனிடச் சொன்னார்கள். பெயர்ந்த பதினைந்து கற்களுக்காக அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான். மைந்தனுக்குக் கிட்டாத வழி அரசனுக்குக் கிட்டியது உறுத்துகின்றது. எனினும் பின்னையதே கடலுக்கு ஏற்றது.

ஆனால் செலவு யாருடையது? தூண்டிலை விரைந்து அமிழ்த்தும் ஈயக்குண்டு, இழுக்கும்போது கயிறு அறுந்தால், தளத்தில் நிற்பவன்மீது பாய்ந்து காயப்படுத்தும், உயிரையும் வாங்கும். முள் அறுந்தால் வழுக்கி நழுவிவிடும் குண்டுகளும் இப்போது உண்டு. அவற்றை வாங்கவேண்டியவன் கப்பலின் உடைமையாளன். குண்டின் எதிரே நிற்பவன் கூலிக்கு வந்தவன்.